சிக்குன்குனியா, டெங்கு வைரஸுக்கு கதவு திறந்துவிடுவது நம் செல்லில் இருக்கும் கொழுப்பா? - முழு விவரம்

சென்னையில் இருந்து கிழக்கு கடற்கரை சாலையில் போகிறவர்களுக்கு புதுச்சேரி தொடங்கும் இடம் கனகசெட்டிக்குளம். கொரோனா ஊரடங்கு காலத்தில் கோரிமேடு, மதகடிப்பட்டு, முள்ளோடையோடு சேர்த்து அடிக்கடி செய்தியில் அடிபட்ட எல்லை இது. பேரிகார்டு போட்டு, அடையாள அட்டை பார்த்து, காரணம் கேட்டுத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள்.

மனித உடலில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி ஒரு எல்லை இருக்கிறது. ஆனால் அது கல்லாலோ கம்பியாலோ ஆனது இல்லை. கொழுப்பால் ஆனது! உள்ளே வரப் பார்க்கும் வைரஸும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். சில வைரஸ்களுக்கு அந்தக் கொழுப்புதான் கதவு. சிலவற்றுக்கு அதுதான் சாவி.

மழைக்காலம் வந்தாலே புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் டெங்கு, சிக்குன்குனியா பேச்சு தொடங்கிவிடும். இந்த வைரஸ்கள் நம் செல்லுக்குள் எப்படி நுழைகின்றன? அதில் கொலஸ்ட்ராலுக்கு என்ன வேலை? அப்படியென்றால் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் டெங்கு வராதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செல்லின் எல்லை எதனால் ஆனது?

'கொழுப்பு' என்றதும் இடுப்புச் சதையும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் திமிராகப் பேசினால் 'உனக்கு கொழுப்பு ஜாஸ்தி' என்றும் சொல்வோம். ஆனால் கொழுப்பு இல்லாமல் ஒரு செல் கூட உயிரோடு இருக்க முடியாது.

செல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய உறைக்கு செல் சவ்வு என்று பெயர். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் துண்டாக வெட்டினால், அதில் 5 துண்டு. அவ்வளவுதான்.

இந்தச் சவ்வில் முக்கியமாக மூன்று வகைக் கொழுப்புகள் இருக்கின்றன.

* பாஸ்போலிப்பிட்: இதற்கு தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரை வெறுக்கும் இரண்டு வால். வால்கள் உள்பக்கமாக ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே பார்த்தபடி இரண்டு வரிசையாக அடுக்கி நிற்கும். சவ்வின் அடிப்படை இதுதான்.

* ஸ்பிங்கோலிப்பிட்: நரம்பு உறைகளில் அதிகம். மற்ற செல்களின் வெளிப்புறத்திலும் உண்டு. சர்க்கரை மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு செல்லுக்கு அடையாள அட்டை மாதிரி வேலை செய்யும் வகைகளும் இதில் இருக்கின்றன.

* கொலஸ்ட்ரால்: மற்ற கொழுப்புகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, சவ்வு எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. இரண்டும் எண்ணெய்தான். மூலக்கூறுகளின் வால் எப்படி இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். வால் நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கி உறையும். வளைந்திருந்தால் இளகியே இருக்கும். செல் சவ்விலும் இதே கதைதான். கொலஸ்ட்ரால் இருப்பதால்தான் சவ்வு கட்டியாக உறையாமலும், ரொம்ப இளகிப் போகாமலும் நடுநிலையில் நிற்கிறது.

இன்னொரு விஷயம். இந்தக் கொழுப்புகள் சவ்வு முழுக்க ஒரே மாதிரி பரவி இருப்பதில்லை. கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட்டும் சேர்ந்து ஆங்காங்கே சின்னச் சின்ன திட்டுகளாக மிதக்கும். சில வைரஸ்கள் ஒட்டிக்கொள்ளவும், உருவாகி வெளியேறவும் இந்தத் திட்டுகளைத்தான் தேடுகின்றன.

வைரஸ் உள்ளே நுழைவது எப்படி?

வைரஸுக்கு சொந்தமாக வீடு கிடையாது, சமையலறை கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு மரபணுச் சுருளும் அதைச் சுற்றி ஒரு பொட்டலமும்தான். பெருக வேண்டுமென்றால் இன்னொருவர் செல்லுக்குள் போயே ஆக வேண்டும்.

சிக்குன்குனியா வைரஸின் விட்டம் சுமார் 70 நானோமீட்டர். டெங்கு சுமார் 50. இரண்டுமே கொழுப்பு உறை போட்ட வைரஸ்கள். அந்த உறையைக் கூட அவை தாமாகத் தயாரிப்பதில்லை. முன்பு தங்கியிருந்த செல்லில் இருந்து வெளியேறும்போது உருவிக்கொண்டு வந்ததுதான் அது. திருட்டுச் சட்டை என்றே சொல்லலாம்.

நுழைவு நான்கு கட்டமாக நடக்கிறது.

முதலில், ஒட்டுதல். வைரஸின் மேல் இருக்கும் முள் போன்ற புரதங்கள் செல்லின் மேல் இருக்கும் ஏதாவது ஒரு ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். சிக்குன்குனியாவுக்கு எம்எக்ஸ்ஆர்ஏ8 என்ற புரதம் அப்படி ஒரு ஏற்பி என்பது 2018-ல்தான் தெரிய வந்தது.

இரண்டாவது, விழுங்கப்படுதல். செல் ஏதோ சத்துப் பொருள் வந்திருக்கிறது என்று நினைத்து, சவ்வை உள்பக்கமாகக் குழித்து, வைரஸை ஒரு குமிழிக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தக் குமிழிக்கு எண்டோசோம் என்று பெயர்.

மூன்றாவது, புளிப்பு. எண்டோசோம் செல்லுக்குள் நகர நகர, அதற்குள் அமிலத்தன்மை கூடும். செல்லைப் பொறுத்தவரை இது செரிமான வேலை. வைரஸுக்கோ இதுதான் அலாரம். அமிலம் பட்டதும் அதன் முள் புரதம் உருமாறி, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு கொக்கியை வெளியே நீட்டும்.

நான்காவது, சவ்வு இணைதல். அந்தக் கொக்கி எண்டோசோமின் கொழுப்புச் சவ்வில் போய்க் குத்தி, வைரஸின் கொழுப்பு உறையையும் செல்லின் கொழுப்புச் சவ்வையும் இழுத்து ஒன்றாக ஒட்ட வைக்கும். நடுவில் ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக வைரஸின் மரபணு உள்ளே இறங்கிவிடும்.

ரசத்தில் மிதக்கும் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் கிட்டே வந்தால் ஒன்றாகிவிடும் இல்லையா? பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டு சவ்வுகள் தானாக அவ்வளவு சுலபத்தில் சேராது. அவற்றின் தலைப்பகுதிகளைச் சுற்றி இருக்கும் தண்ணீர் அடுக்கு விலக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். அதை மீறி இழுக்கத்தான் வைரஸுக்கு அந்தக் கொக்கி.

இங்கேதான் ட்விஸ்ட். கொக்கி குத்தும் இடத்தில் சரியான கொழுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் வைரஸ் வாசல் வரை வந்தும் உள்ளே போக முடியாது. குமிழிக்குள்ளேயே கிடந்து செரித்துப் போகும்.

கொலஸ்ட்ரால் இல்லை என்றால் என்ன ஆகும்?

இதற்கான பதிலைத் தந்தது சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவுக்கார வைரஸ் ஒன்று. பெயர் செம்லிக்கி காட்டு வைரஸ். 1942-ல் உகாண்டாவில் கொசுக்களில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆல்ஃபா வைரஸ் என்ற ஒரே குடும்பம்.

1984-ல் மார்கரெட் கீலியன், ஆரி ஹெலேனியஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செயற்கையாகக் கொழுப்புக் குமிழிகளைத் தயாரித்து, இந்த வைரஸ் எதில் இணைகிறது என்று சோதித்தார்கள். கொலஸ்ட்ரால் இருந்த குமிழியில் வைரஸ் இணைந்தது. கொலஸ்ட்ரால் இல்லாத குமிழியில் இணையவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளில் ஸ்பிங்கோலிப்பிட்டும் தேவை என்பது உறுதியானது.

அதாவது பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று கொலஸ்ட்ரால். இன்னொன்று ஸ்பிங்கோலிப்பிட்.

டெங்கு கொஞ்சம் வேறு மாதிரி. டெங்கு வைரஸ் எண்டோசோமுக்குள் இன்னும் ஆழமாக, கடைசிக் கட்டம் வரை பயணிக்கிறது. அங்கே எதிர்மின் தன்மை கொண்ட ஒரு சிறப்புக் கொழுப்பு அதிகமாக இருக்கும். சவ்வு இணைவதற்கு அமிலத்தோடு அந்த வகைக் கொழுப்பும் வேண்டும் என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. 'எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்' என்பதை அந்தக் கொழுப்பை வைத்துத்தான் டெங்கு தெரிந்துகொள்கிறது எனலாம்.

உள்ளே போன பிறகும் டெங்கு கொழுப்பை விடுவதில்லை. செல்லின் கொழுப்பு உற்பத்தியைத் தன் பக்கம் திருப்பி, உள்சவ்வுகளை வளைத்து, தன்னைப் படியெடுக்கும் பட்டறைகளாக மாற்றிக்கொள்கிறது.

ஒரே ஒரு எழுத்து மாறியது, ஒரு தீவே படுத்தது

இதெல்லாம் ஆய்வகச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியப் பெருங்கடலில் 2005-2006ல் நடந்த சம்பவம் அதைக் காட்டியது.

ரீயூனியன் தீவு. இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்காலில் இருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிய இடம். அவர்கள் வழி வந்தவர்களை அங்கே 'மலபார்' என்று அழைக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே மாரியம்மன் கோவிலும் தீமிதியும் உண்டு.

அந்தத் தீவில் 2005-ல் சிக்குன்குனியா புகுந்தது. முதலில் மெதுவாகத்தான் பரவியது. ஆனால் 2006 தொடக்கத்தில் திடீரென்று வெடித்தது. சுமார் 2.6 லட்சம் பேருக்கு நோய். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்!

ஏன் இந்த வேகம்? வைரஸின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. சவ்வு இணைக்கும் வேலையைச் செய்யும் இ1 என்ற புரதத்தில், 226-வது இடத்தில் இருந்த அலனின் என்ற அமினோ அமிலம் போய், வேலின் என்ற அமினோ அமிலம் வந்திருந்தது. ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியது மாதிரி.

இந்த 226-வது இடம் விஞ்ஞானிகளுக்குப் புதிதல்ல. 1998-லேயே கீலியனின் குழு, செம்லிக்கி காட்டு வைரஸில் இதே இ1 புரதத்தின் இதே 226-வது இடம் மாறினால், கொலஸ்ட்ராலைச் சார்ந்திருக்கும் அளவும் மாறுகிறது என்று கண்டுபிடித்திருந்தது.

2007 டிசம்பரில் வெளியான ஆய்வு அடுத்த புள்ளியை வைத்தது. இந்த மாற்றம் வந்த சிக்குன்குனியா வைரஸ், ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற ஆசியப் புலிக் கொசுவுக்குள் மிக எளிதாகப் பெருகியது. ரீயூனியனில் அதிகமாக இருந்தது இந்தக் கொசுதான். அதுவரை சிக்குன்குனியாவின் முக்கிய வாகனமாக அறியப்பட்டது ஏடிஸ் எஜிப்டி. ஒரு எழுத்து மாறியதில் வைரஸுக்கு இரண்டாவது வண்டி கிடைத்துவிட்டது. அதே ஆய்வில், மாறிய வைரஸ் கொலஸ்ட்ராலை அதிகம் சார்ந்திருப்பதும் தெரிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால், 'கொலஸ்ட்ராலால்தான் நோய் பரவியது' என்று எழுதிவிடலாம். ஆனால் முடியவில்லை. அதே ஆய்வாளர்கள் 226-வது இடத்தில் வேறு வேறு அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கொசுவுக்குப் பழகும் திறனும், கொலஸ்ட்ரால் சார்பும் எப்போதும் கைகோத்துப் போகவில்லை என்று 2011-ல் அவர்களே அறிவித்தார்கள். இரண்டும் ஒரே மாற்றத்தால் வந்த இரண்டு விளைவுகள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் 'கொலஸ்ட்ராலால் சிக்குன்குனியா' என்று ஏதாவது ஃபார்வேர்டு வந்தால் இந்த 2011 முடிவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய கணக்கு

சிக்குன்குனியா முதலில் அடையாளம் காணப்பட்டது 1952-53ல், இன்றைய தான்சானியாவில். உடலை வளைத்துப் போட்டுவிடும் நோய் என்ற பொருளில் அந்த ஊர் மக்களின் மகொண்டே மொழியில் வந்த பெயர் இது. மூட்டு வலியில் நிமிர முடியாமல் நடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

இந்தியாவில் 1963-ல் கொல்கத்தாவில் தலைகாட்டியது. 1964-ல் சென்னை, புதுச்சேரி, வேலூர் என்று பரவியது. பிறகு 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சி. அதன் பின் கிட்டத்தட்ட 32 ஆண்டுகள் பெரிய சத்தமே இல்லை.

2005 இறுதியில் ஆந்திராவில் மறுபடி தொடங்கி, 2006-ல் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு சந்தேகத்துக்குரிய பாதிப்பு பதிவானது. கர்நாடகா, மகாராஷ்டிரா, தமிழ்நாடு எல்லாம் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு இந்தியாவில் பரவிய வைரஸில் 226-வது இடம் இன்னும் மாறவில்லை. ஆனால் 2007-ல் கேரளாவில் எடுத்த மாதிரிகளில் அதே மாற்றம் இருந்தது. ரப்பர் தோட்டமும் மரநிழலும் நிறைந்த கேரளாவில் புலிக் கொசுவுக்குப் பஞ்சமில்லை.

எல்லா வைரஸும் ஒரே வழியா?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூட்.

* எபோலா: செல்லுக்குள் கொலஸ்ட்ராலை இடம் மாற்றும் என்பிசி1 என்ற புரதம் இருக்கிறது. எபோலா வைரஸ் எண்டோசோமுக்குள் போன பிறகு இந்தப் புரதத்தைப் பிடித்துத்தான் வெளியே வருகிறது என்று 2011-ல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. பிறவியிலேயே இந்தப் புரதம் பழுதான நோயாளிகளின் செல்களை ஆய்வகத்தில் எபோலா தொற்ற முடியவில்லை.

* எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ்: இதற்கு ஏற்பியே ஒரு கொழுப்புதான். ஜிஎம்1 என்ற சர்க்கரை ஒட்டிய கொழுப்பைப் பிடித்து நுழையும். காலரா நச்சும் இதே ஜிஎம்1-ஐத்தான் பிடிக்கிறது.

* டெங்குவின் வேஷம்: செத்துப் போகும் செல்கள் ஒரு குறிப்பிட்ட கொழுப்பை வெளியே காட்டும். 'என்னை அப்புறப்படுத்து' என்று அர்த்தம். பக்கத்துச் செல்கள் வந்து விழுங்கிவிடும். டெங்கு வைரஸ் தன் உறையில் அதே கொழுப்பை வைத்துக்கொண்டு, குப்பை மாதிரி நடித்து உள்ளே போகும் வழியும் உண்டு என்று 2012-ல் தெரிய வந்தது.

* போலியோ, நோரோ வைரஸ், ஹெபடைடிஸ் ஏ: இவற்றுக்கு வழக்கமான கொழுப்பு உறை கிடையாது. வெறும் புரத ஓடு. அதனால் சவ்வோடு இணையாமல், சவ்வில் துளை போடுவது போன்ற வேறு வழிகளைக் கையாள்கின்றன.

இந்தக் கடைசி வித்தியாசம் வீட்டுக்கும் உதவும். சோப்பும் ஆல்கஹால் சானிடைசரும் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். அதனால்தான் கொரோனா காலத்தில் 20 விநாடி கை கழுவச் சொன்னார்கள். கொரோனாவும் கொழுப்பு உறை போட்ட வைரஸ். நோரோ மாதிரி வாந்தி, பேதி வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவு பலன் தராது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வைரஸையே கையில் இருந்து அகற்ற வேண்டும்.

உடல் சும்மா வேடிக்கை பார்க்குமா?

பார்க்காது. வைரஸ் கொழுப்பு வழியாக வருகிறது என்பது நம் நோய் எதிர்ப்பு அமைப்புக்கும் தெரியும்.

தொற்று வந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளை வெளியிடும். அதைக் கேட்ட பக்கத்துச் செல்கள், கொலஸ்ட்ராலில் ஒரு சிறு மாற்றம் செய்து 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் என்ற பொருளைத் தயாரிக்கும். இது சவ்வில் எளிதாகக் கிடைக்கும் கொலஸ்ட்ராலைக் குறைத்து, சவ்வு இணைவதைத் தடுக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் ஜிகா உள்ளிட்ட பல உறை வைரஸ்களை இது கட்டுப்படுத்தியது.

ஐஎஃப்ஐடிஎம்3 என்ற இன்னொரு புரதம் எண்டோசோம் சவ்வை விறைப்பாக்கி, வைரஸின் கொக்கிக்கு ஓட்டை போடும் வேலையைக் கடினமாக்கும். இன்ஃப்ளூயன்சா, டெங்கு இரண்டுக்கும் எதிராக இது வேலை செய்வது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது.

அப்போ கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் டெங்கு வராதா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: அப்படி இல்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகள் ஆய்வகத்துச் செல்களில் டெங்கு வைரஸைக் குறைத்தது உண்மை. அதை நம்பி வியட்நாமின் ஹோ சி மின் நகரில் மனிதர்களிடம் சோதனை நடந்தது. டெங்கு பாதித்த 300 பெரியவர்கள். ஒரு பிரிவினருக்கு லோவாஸ்டேட்டின் மாத்திரை, இன்னொரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை. முடிவு 2016-ல் வெளியானது. மாத்திரையால் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் ரத்தத்தில் வைரஸ் அளவும் குறையவில்லை, நோயின் போக்கும் மாறவில்லை.

ஏன் பலிக்கவில்லை? சில காரணங்களை யோசிக்கலாம்.

ஒன்று, ரிப்போர்ட்டில் வரும் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஓடுவது. செல் சவ்வில் இருப்பது வேறு கணக்கு. செல் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். ரத்தத்தில் குறைந்தால் சவ்விலும் அதே அளவு குறையும் என்று சொல்ல முடியாது.

இரண்டு, ஆய்வகத்தில் செல் மேல் ஊற்றும் மருந்தின் அளவு மனித உடலுக்குள் எட்டுவது கஷ்டம்.

மூன்று, காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் வைரஸ் ஏற்கெனவே உள்ளே போய்ப் பெருகி முடித்திருக்கும். வாசலைப் பூட்டி அப்போது பயன் குறைவு.

ஆகவே டெங்குவுக்காக யாரும் ஸ்டேட்டின் வாங்கிப் போடக்கூடாது. அதே மாதிரி, இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டேட்டினை காய்ச்சல் வந்தது என்று தானாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். முட்டை, நெய்யை நிறுத்தினால் டெங்கு வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

புதுச்சேரியில் நடந்த கொசு ஆராய்ச்சி

மனித உடலில் கொலஸ்ட்ராலைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். கொசுவுக்குள்?

இங்கேதான் புதுச்சேரியின் பெயர் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1975-ல் தொடங்கப்பட்ட நோய்க் கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குவது இந்த ஊரில்தான். இந்த மையம் சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022 ஜூலையில் செய்தி வெளியானது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த கொசு முட்டைகளை வைத்து, நம் ஊர் கொசுக்களோடு கலந்து வளர்த்தெடுத்தது இந்த வகை.

இயற்கையில் பல பூச்சிகளுக்குள் வோல்பாக்கியா வாழ்கிறது. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் பொதுவாக இருப்பதில்லை. இதைக் கொசுவுக்குள் குடியேற்றினால் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்கள் அந்தக் கொசுவில் பெருக முடியாமல் திணறும். தாய்க் கொசுவின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் இது போய்ச் சேரும்.

காரணங்களில் ஒன்றாக விஞ்ஞானிகள் சொல்வது கொழுப்புப் போட்டி. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். கொசுவுக்கு நம் ரத்தமும் ஒரு சப்ளை. அந்த அளவான சரக்குக்கு வோல்பாக்கியாவும் கை நீட்டுகிறது, வைரஸும் கை நீட்டுகிறது. ஒரே பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் இலையைக் காலி செய்தால் அடுத்தவருக்கு என்ன மிஞ்சும்?

2013-ல் பழ ஈக்களிடம் நடந்த ஆய்வில், உணவில் கொலஸ்ட்ராலைக் கூட்டிக் கொடுத்ததும் வோல்பாக்கியாவின் வைரஸ் தடுப்புத் திறன் குறைந்தது. போட்டி உண்மைதான் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனாலும் கொழுப்பு மட்டுமே காரணம் இல்லை. பூச்சியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது போன்ற வேறு வழிகளும் பேசப்படுகின்றன.

களத்தில் பலன் கிடைக்குமா? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் வோல்பாக்கியா கொசுக்களை விட்டு நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. கொசு விடப்பட்ட பகுதிகளில் டெங்கு பாதிப்பு 77 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்திருந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

செல்லின் வாசலில் நம்மால் காவல் நிற்க முடியாது. கொசுவின் வாசலில் நிற்கலாம்.

* ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். குறிப்பாகக் காலையிலும், மாலை இருட்டுவதற்கு முன்பும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும்.

* வாரம் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

* மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பிளாஸ்டிக் சாமானை அப்புறப்படுத்த வேண்டும்.

* காய்ச்சல் என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். சிக்குன்குனியா என்று நினைத்து மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்குபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

* கஞ்சி, இளநீர், உப்புக் கரைசல் என்று நீராகாரம் நிறைய கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் 'சரியாயிடுச்சு' என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. உண்மையில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, அசாதாரண சோர்வு, குழந்தை சிறுநீர் கழிக்காமல் இருப்பது - இவற்றில் எது தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.